பட்டியல் எழுதிப் போனாலும் ட்ராலி நிரம்பிவிடுகிறது: டர்பனில் திடீர்ச் செலவைக் குறைக்க என்ன வழி?

வெருலம்_தேனீ கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு பேர் உள்ள வீடு. மாதச் சாமானுக்கு 4,500 ரேண்ட் ஒதுக்கினால் டில்லில், அதாவது பில் போடும் கவுண்டரில், 5,700க்குக் கீழே வருவதில்லை. பட்டியல் இல்லாமல் கடைக்குப் போவதும் இல்லை. பெரிய பொருள் எதுவும் வாங்கியதாகவும் தெரியவில்லை. 30, 40 என்று சில்லறையாகத்தான் ஏறுகிறது. இது போதாதென்று தீபாவளிச் செலவு முடிந்த கையோடு நவம்பர் கடைசித் தள்ளுபடி விற்பனை, பிளாக் ஃப்ரைடே, வந்து நிற்கிறது.

மூன்று விஷயம் தெரிய வேண்டும். கடைக்குள் எங்கே, எப்படிப் பணம் நழுவுகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி? உறையில் பணம் பிரித்துப் போடும் முறையை ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் நோட்டுக்கட்டோடு சாட்ஸ்வொர்த் பக்கமோ கேட்வே மாலிலோ சுற்றுவது புத்தியா? ஆசைப்பட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க இங்கே சட்டம் இடம் தருகிறதா?

"மனசைக் கட்டுப்படுத்து" என்ற உபதேசம் மட்டும் வேண்டாம்.


உம்கேனி_கணக்கர் எழுதியது:

முதலில் அளவெடுங்கள், மருந்தைப் பிறகு பார்க்கலாம். அதற்குத் தனியாகக் கணக்குப் புத்தகம் வேண்டாம், பில் ஸ்லிப்பின் அடியில் இருக்கும் வாட் (மதிப்புக் கூட்டு வரி) தொகையே போதும்.

அரிசி, பருப்பு, காய்ந்த பீன்ஸ், முட்டை, பால், பிரவுன் பிரெட், மேலி மீல் (மக்காச்சோள மாவு), சமையல் எண்ணெய், பச்சைக் காய்கறி, பழம், டின் பில்சர்ட்ஸ் மீன் இவற்றுக்கெல்லாம் வாட் பூஜ்யம். சிப்ஸ், கூல்டிரிங்க், சாக்லேட், பிஸ்கட், பேக்கரி கேக், சூடாக விற்கும் கோழி, வாசனை மெழுகுவர்த்தி எல்லாவற்றுக்கும் 15 சதவீதம். ஸ்லிப்பில் காட்டியிருக்கும் வாட் தொகையை 115ஆல் பெருக்கி 15ஆல் வகுத்தால், வரி விழுந்த பொருளுக்கு மொத்தம் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று வந்துவிடும். வாட் 390 என்றால் அது 2,990 ரேண்ட். இதில் அவசியமானவையும் உண்டு: கோழி, கறி, சோப்பு, சலவைத் தூள், டீ, சர்க்கரை, உப்பு. அவற்றை மட்டும் கூட்டிக் கழியுங்கள். அது 1,800 வந்தால் மீதி 1,190. நீங்கள் தேடுகிற பணம் கிட்டத்தட்ட முழுவதும் அங்கேதான் இருக்கும். ஒரு மாதத்து ஸ்லிப்புகளை எல்லாம் சேர்த்துப் பாருங்கள், பெரிய ஷாப்பிங் ஸ்லிப்பை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். பால் தீர்ந்தது என்று நடுவாரத்தில் போய் 160 ரேண்டோடு திரும்புகிறோமே, அந்த ஸ்லிப்புகள்தான் முக்கியம்.

அடுத்தது பட்டியல். பட்டியல் தோற்றுப்போவது பெரும்பாலும் அதில் அளவு இல்லாததால். "பிஸ்கட்" என்று எழுதினால் அது ஒரு பாக்கெட்டும் ஆகலாம், ஐந்தும் ஆகலாம். "பிஸ்கட் 2 x 200 கிராம், 45க்குள்" என்று எழுதுங்கள். அலமாரியையும் ஃப்ரிஜ்ஜையும் திறந்து பார்த்த பிறகு எழுதுங்கள். கடையில் நின்றுகொண்டு "மஞ்சள்தூள் இருக்கிறதோ இல்லையோ" என்று சந்தேகம் வந்தால் கை தானாக எடுத்துப் போட்டுவிடும். பட்டியலின் அடியில் இரண்டு வரி காலியாக விடுங்கள். பட்டியலில் இல்லாதது இரண்டே இரண்டு எடுக்கலாம், மூன்றாவது எடுத்தால் முதல் இரண்டில் ஒன்று அலமாரிக்குத் திரும்ப வேண்டும். முழுத் தடை போட்டால் மூன்றாம் வாரம் மொத்தமாக உடையும்.

கடையின் அமைப்பும் உங்களுக்கு எதிராகத்தான். பாலும் ரொட்டியும் கடைசிச் சுவரோரம் இருப்பது தற்செயல் அல்ல, அங்கே போய்ச் சேர்வதற்குள் பாதிக் கடையைக் கடந்தாக வேண்டும். கண் மட்டத்தில் இருப்பது கடைக்கு லாபமான சரக்கு. குனிந்து கீழ்த்தட்டைப் பாருங்கள். வரிசைகளின் முனையில் அடுக்கியிருப்பது எல்லாம் ஸ்பெஷல் விலை அல்ல, சும்மா குவித்து வைத்ததும் உண்டு. டில்லுக்குப் போகும் வழியை வளைத்து வளைத்துக் கட்டி இரண்டு பக்கமும் இனிப்பு தொங்கவிட்டிருப்பார்கள். அந்த வளைவுக்குள் நுழையும் முன்பே பேங்க் கார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ட்ராலியில் உள்ளதைப் பட்டியலோடு சரிபார்க்க ஆரம்பியுங்கள். கையும் கண்ணும் சும்மா இருந்தால்தான் சாக்லேட் ஏறும்.

நடுவார ஷாப்பிங்குக்கு ட்ராலியே எடுக்காதீர்கள், கைக்கூடை போதும். ஐந்து கிலோ கனத்தால் கை சொல்லிவிடும்.

"எந்த 3 எடுத்தாலும் 100" என்ற அட்டையைப் பார்த்தால் ஒரே கேள்வி: ஒன்று மட்டும் எடுத்தால் என்ன விலை? ஒன்று 36.99 என்றால் மூன்றுக்கு மிச்சம் 10.97 மட்டுமே. அதற்காகத் தேவையில்லாத இரண்டைச் சுமந்து வருகிறோம். அளவு வேறுபட்டால் 100 கிராமுக்கு என்ன விலை என்று ஃபோனில் வகுத்துப் பாருங்கள். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பது நிஜமில்லை. இன்னொன்று, உறுப்பினர் விலையைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கடையின் உறுப்பினர் கார்டை டில்லில் தட்ட மறந்தால் சாதாரண விலைதான் விழும்.

ஒரே பொருளுக்கு இரண்டு விலை ஒட்டியிருந்தால் குறைந்த விலைதான் செல்லும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2008, பிரிவு 23 அதைத்தான் சொல்கிறது. டில்லில் கூச்சப்படாமல் கேளுங்கள்.


பீனிக்ஸ்_மல்லிகை எழுதியது:

அக்கா, உறை முறை நல்லதுதான், ஆனா இங்க ரொக்கமா வேண்டாம். பேங்கில் பணம் எடுத்து வெளியே வரும்போதே பின்னால் வரும் ஆட்கள் இருக்காங்க. உறைக்குப் பதிலா இரண்டாவது கணக்கு. மாதக் கட்டணம் மிகக் குறைவான சாதாரண சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்து அதற்குத் தனி டெபிட் கார்டு வாங்குங்க. கடைக்கு அந்தக் கார்டு மட்டும் போகட்டும். சம்பளக் கணக்கின் கார்டு வீட்டு டிராயரில்.

மாதப் பணத்தை மொத்தமாக அதில் போடாதீங்க. 4,500இல் 2,500 பெரிய ஷாப்பிங்குக்கு, மீதி 2,000த்தை நாலு வெள்ளிக்கிழமைக்கு 500, 500ஆகப் பிரிச்சு ஆப்பில் தானாகப் போகும்படி தேதி வைங்க. சனிக்கிழமை பங்களாதேஷ் மார்க்கெட்டுக்கோ வெருலம் மார்க்கெட்டுக்கோ போறவங்களுக்கு வெள்ளிதான் சரியான நாள். காய்கறிக்கு மட்டும் கொஞ்சம் ரொக்கம் வேணும்னா சூப்பர்மார்க்கெட் டில்லிலேயே எடுத்துக்கலாம், பெரும்பாலும் ஏடிஎம்மை விடக் கட்டணம் குறைவு, வெளியே நின்று எடுக்கவும் வேண்டாம்.

இந்த முறை எங்கே ஓட்டையாகும்னா, பணம் தீர்ந்ததும் கடையிலேயே நின்று ஃபோனில் மாற்றிக்கொள்வது. பத்து விநாடி வேலை. அதனால் மீதிப் பணத்தை 32 நாள் நோட்டீஸ் கணக்கில் வைங்க. தென்னாப்பிரிக்காவில் அநேகமா எல்லா பேங்கிலும் இது உண்டு. எடுக்கணும்னா இன்று சொன்னால் 32 நாள் கழிச்சுத்தான் கைக்கு வரும். வட்டியும் சாதாரணக் கணக்கை விடக் கொஞ்சம் கூடுதல். ஆஸ்பத்திரி, கார் ரிப்பேர் மாதிரி அவசரத்துக்கு ஒரு மாதச் செலவை மட்டும் வெளியே வைச்சுக்கோங்க, எல்லாத்தையும் பூட்டினால் அவசரத்தில் கடன்தான் வாங்குவீங்க.

ஆப்பில் கார்டு வரம்பைக் குறைக்கலாம்னு சிலர் சொல்வாங்க. குறைக்கலாம், ஆனா அதே வேகத்தில் ஏற்றவும் முடியும். ஆன்லைன் வரம்பைப் பூஜ்யமாக்கினா அந்தக் கார்டில் போகிற மாதச் சந்தாக்களும் நின்னுடும். டெபிட் ஆர்டர், அதாவது மாதாமாதம் பேங்க் தானாகக் கழிக்கும் தொகை, கணக்கில் இருந்து நேரா போறதால அது நிக்காது. சந்தாவுக்கு ஆப்பில் மட்டும் இருக்கிற ஒரு வர்ச்சுவல் கார்டு தனியா வைச்சிட்டு மற்ற கார்டை அடைக்கிறதுதான் ஒழுங்கு.


வெருலம்_தேனீ:

இரண்டு பேருக்கும் நன்றி. அந்த வாட் கணக்கு நல்ல யோசனை. ஒன்று கேட்க மறந்தேன். துணிக்கடைகளில் டில்லிலேயே, கடனில் வாங்கித் தவணையில் கட்ட, "அக்கவுண்ட் திறக்கிறீர்களா, ஆறு மாதம் வட்டியே கிடையாது" என்கிறார்கள். வட்டி இல்லை என்றால் அதில் என்ன தவறு?


தவணை_வேண்டாம் எழுதியது:

வட்டி இல்லாமல் இருக்கலாம், கட்டணம் இல்லை என்று யாரும் சொல்லவில்லை. தேசியக் கடன் சட்டத்தின் (2005) விதிகளின்படி மாதச் சேவைக் கட்டணம் 60 ரேண்ட் வரை, வாட்டோடு 69 வரை வாங்கலாம். எல்லாக் கடையும் உச்சத்தை வாங்குவதில்லை. ஆனாலும் உச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 900 ரேண்ட் காலணி, ஆறு தவணை, தவணைக்கு 150. அதோடு 69. ஆறு மாதத்தில் 1,314 கொடுத்திருப்பீர்கள். வட்டியே இல்லாமல் 46 சதவீதம் கூடுதல். பொருள் சிறியதாக இருந்தால் இந்தக் கட்டணம் இன்னும் கடுமையாக விழும், ஏனென்றால் 300 ரேண்ட் பாக்கிக்கும் அதே 69தான். இதோடு காப்பீடு, கிளப், பத்திரிகை என்று ஒட்டிக்கொண்டு வருபவை வேறு. மாத அறிக்கையை வரி வரியாகப் படித்தால்தான் தெரியும்.

வட்டி உள்ள பன்னிரண்டு மாதத் திட்டம் என்றால், கடை அக்கவுண்டுக்கும் கிரெடிட் கார்டுக்கும் சட்டப்படி உச்ச வட்டி ரிசர்வ் பேங்கின் ரிப்போ விகிதத்தோடு (அது பேங்குகளுக்குக் கடன் தரும் வட்டி) 14 சதவீதம். ரிப்போ 7 என்றால் ஆண்டுக்கு 21 சதவீதம்.

மூன்று வேலை செய்யுங்கள். ஏற்கெனவே அக்கவுண்ட் இருந்தால், கடன் வரம்பு ஆண்டுதோறும் தானாக ஏறுவதற்குச் சம்மதம் கொடுத்திருக்கிறீர்களா என்று கேளுங்கள். விண்ணப்பத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும், டில்லில் அவசரத்தில் டிக் போட்டிருப்போம். அந்தச் சம்மதத்தை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். இரண்டாவது, பாக்கி தீர்ந்ததும் கார்டை வெட்டிப் போட்டால் போதாது. கணக்கை மூடும்படி எழுதி, பாக்கி பூஜ்யம் என்ற கடிதமும் வாங்க வேண்டும். மூடாத கணக்கில் கட்டணம் ஓடிக்கொண்டே இருந்து, கடைசியில், யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று பதிவு வைக்கும் கிரெடிட் பியூரோவில் பாக்கிக்காரர் என்று பெயர் ஏறும். மூன்றாவது, ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு பியூரோவிலும் இலவசமாக உங்கள் அறிக்கையைப் பார்க்க உரிமை உண்டு. மறந்துபோன அக்கவுண்ட் எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

இப்போது செக்அவுட்டில் வரும் "மூன்றாகப் பிரித்துக் கட்டு, வட்டி இல்லை" திட்டங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒன்று மட்டும் இருந்தால் சமாளிக்கலாம். நான்கு பொருள், நான்கு தேதி என்று ஆனதும் எந்தத் தேதியில் எவ்வளவு போகும் என்பது கைவிட்டுப் போகும், தாமதக் கட்டணம் அங்கேதான் பிடிக்கும். 900 ரேண்ட் பொருளைத் திரையில் 300 என்று காட்டுவதே அதன் வேலை. முழு விலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

தவணை கட்டியே ஆக வேண்டும் என்றால் பழைய லே-பை மேல். வட்டி இல்லை, பொருள் கடையில் இருக்கும், கட்டி முடித்த பிறகுதான் வீட்டுக்கு வரும். திடீர் ஆசையாக இருந்தால் இரண்டாம் தவணைக்குள் அது ஆறிவிடும்.


செக்அவுட்_காவலன் எழுதியது:

திருப்பிக் கொடுப்பதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. பலர் குழப்பிக்கொள்கிற இடம் இது.

கடைக்கு நேரில் போய் நீங்களே எடுத்த பொருள், பழுது இல்லை, மனசு மட்டும் மாறிவிட்டது என்றால் திருப்பி எடுக்கும்படி சட்டம் கடையைக் கட்டாயப்படுத்தவில்லை. 14 நாள், 30 நாள் என்று எழுதியிருப்பது கடையின் சொந்த ஏற்பாடு, ஸ்லிப்பின் பின்பக்கம் படியுங்கள். பழுது இருந்தால் கதை வேறு: ஆறு மாதத்துக்குள் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, பணம் திருப்பவோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 56 இடம் தருகிறது, எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்.

நீங்கள் தேடிப் போகாமல் அவர்களே ஃபோன் செய்தோ, வீட்டுக் கதவைத் தட்டியோ விற்றால் ஐந்து வேலை நாளுக்குள் எழுத்து மூலம் ரத்து செய்யலாம். பிரிவு 16. காரணம் சொல்ல வேண்டியதில்லை.

ஆன்லைனில் வாங்கியதற்கு 2002ஆம் ஆண்டின் மின்னணுத் தொடர்பு மற்றும் பரிமாற்றச் சட்டம், பிரிவு 44. பொருள் கைக்கு வந்து ஏழு நாளுக்குள் காரணம் இல்லாமல் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது, பணம் 30 நாளுக்குள் வர வேண்டும். ஆனால் வீட்டுக்கு வரும் மளிகை, உணவு, உங்கள் அளவுக்குத் தைத்தது, உறை பிரித்த சாஃப்ட்வேர் எல்லாம் இதில் வராது. தீபாவளிக்கு அளவு கொடுத்து ஆன்லைனில் தைக்கச் சொன்ன ரவிக்கைக்கு ஏழு நாள் கிடையாது, ரெடிமேடுக்கு உண்டு. வெளிநாட்டு ஆப்பில் 90 ரேண்டுக்கு வாங்கியதைத் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைத் தாண்டலாம், அங்கே சட்டம் ஏட்டில் இருந்து பயன் இல்லை. சுங்க வரியும் வாட்டும் சேர்ந்த பிறகு வரும் விலையைப் பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

ஃபோனைப் பொறுத்தவரை, பொருளுக்கும் பணத்துக்கும் நடுவே எத்தனை தடங்கல் வைக்க முடியுமோ அத்தனை வையுங்கள். சேமித்த கார்டு எண்ணை நீக்குங்கள், பிரவுசரிலும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் எழுந்து போய்க் கார்டை எடுத்து வர வேண்டும். கடை ஆப்களின் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். கார்ட்டில் போட்டு விட்டுவிட்டால் இரண்டு நாளில் "உங்கள் பொருள் காத்திருக்கிறது" என்று மெயில் வரும், சிலசமயம் தள்ளுபடியோடு. அதற்காகவே பலர் காத்திருந்து வாங்குகிறார்கள், வேண்டாததை மலிவாக வாங்குவதற்கு அது நல்ல வழி! எஸ்எம்எஸ் விளம்பரத்தை நிறுத்தச் சொல்ல தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், அதாவது போபியா, உங்களுக்கு உரிமை தருகிறது. STOP என்று பதில் அனுப்பினால் போதும்.

மேலே கணக்கர் ஐயா சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நடுவாரத்துக்குக் கைக்கூடையோடு கடைக்குப் போவதை விட டெலிவரி ஆப் பல வீடுகளுக்கு நல்லது. அலமாரி கிடையாது, குழந்தை கை நீட்டாது, மொத்தத் தொகை திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு நிபந்தனை: வாரம் ஒரு முறை, ஒரே நாள். டெலிவரிக்கு 35 என்று வைத்தால் மாதம் நான்கு முறைக்கு 140. ஆசைப்பட்ட போதெல்லாம் பன்னிரண்டு முறை ஆர்டர் போட்டால் 420, கட்டணம் மட்டும். பொருள் தேவைப்பட்ட நேரத்தில் ஆர்டர் போடாமல் குறித்து மட்டும் வையுங்கள், ஆர்டர் நாளன்று மொத்தமாகப் போடலாம்.


உம்கேனி_கணக்கர்:

அந்த நிபந்தனையோடு என்றால் எனக்கும் சம்மதம். நிபந்தனை இல்லாமல் அந்த ஆப்பைப் பரிந்துரைப்பது ஆபத்து.

பெரிய பொருளுக்குக் காத்திருக்கும் கால அளவையும் சொல்லிவிடுகிறேன். 200 ரேண்டுக்குக் கீழே என்றால் ஒரு ராத்திரி, 1,000 வரை ஒரு வாரம், அதற்கு மேல் அடுத்த சம்பளம் வரை. பொருள், விலை, கடை, தேதி நான்கையும் எழுதி வையுங்கள். எழுதாமல் காத்திருந்தால் அது மனசுக்குள் வளரும்.

விலையை உழைப்பு மணியாக மாற்றிப் பார்ப்பதும் பலன் தரும், ஆனால் பலரும் பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறார்கள். வாரம் 45 மணி வேலை என்றால் மாதம் சுமார் 195 மணி. கைக்கு வருவது 15,600 என்றால் மணிக்கு 80. அப்படியானால் 800 ரேண்ட் ஷூ பத்து மணி நேரம்தானே என்று தோன்றும். வாடகை, பெட்ரோல், பள்ளிக் கட்டணம், சாப்பாடு எல்லாம் போக மிஞ்சுவது 3,900 என்று வையுங்கள். அப்போது மணிக்கு 20. அதே ஷூ நாற்பது மணி நேரம், ஏறக்குறைய ஒரு வாரம். இரண்டாவது கணக்கைத்தான் ஃபோனில் எழுதி வைக்க வேண்டும்.


பீனிக்ஸ்_மல்லிகை:

பிளாக் ஃப்ரைடே பற்றி அக்கா கேட்டதுக்கு யாரும் பதில் போடலை. அது நவம்பர் நாலாம் வியாழனுக்கு மறுநாள், அதனால் எப்பவும் 23க்கும் 29க்கும் நடுவில்தான் விழும். நம்மில் நிறையப் பேருக்குச் சம்பளம் 25ஆம் தேதி. கையில் காசு சூடா இருக்கும்போது கடைக்காரன் கூப்பிடுறான். வாங்க நினைக்கிற அஞ்சாறு பொருளோட விலையை செப்டம்பரிலேயே தேதியோட போட்டோ எடுத்து வைங்க. "முன்பு 2,999" என்று வெட்டிப் போட்ட விலை நிஜமா இருந்ததான்னு அப்போ தெரியும். அந்தப் பட்டியலில் இல்லாததுக்கு எத்தனை சதவீதம் தள்ளுபடின்னு பார்க்கவே வேண்டாம்.

தீபாவளிக்கு பிப்ரவரியில் இருந்தே மாதம் 400 ஒதுக்கினா அக்டோபருக்குள் 3,600. பலகாரத் தட்டு எத்தனை வீட்டுக்கு, துணி யாருக்கு என்று பெயர் பெயரா எழுதி, பெயருக்கு நேரே தொகை போடுங்க. திடீர்ச் செலவு கடையில் மட்டும் இல்லை, "அவங்க வீட்டிலிருந்து பெரிய தட்டு வந்துச்சே" என்கிற இடத்திலும் இருக்கு. அதுக்கு இரண்டு தட்டு கூடுதலா முன்கூட்டியே கணக்கில் வைச்சிடுங்க.

டிசம்பர்தான் பெரிய குழி. நிறைய கம்பெனியில் சம்பளத்தை 15ஆம் தேதி போலவே போட்டுடுவாங்க. அடுத்தது ஜனவரி 25. நடுவில் 41 நாள், கிட்டத்தட்ட ஆறு வாரம், ஆனா நாம நாலு வாரமாத்தான் செலவு பண்றோம். பணம் வந்த அன்றே பள்ளி யூனிஃபார்ம், ஸ்டேஷனரி, ஜனவரி ஃபீஸ் இவற்றைத் தனிக் கணக்குக்கு அனுப்பிட்டு, வாடகைக்கும் டெபிட் ஆர்டருக்கும் எடுத்து வைச்சு, மிச்சத்தை ஆறால் வகுங்க. ஷாப்பிங் கார்டுக்கு வெள்ளிதோறும் அந்த ஆறில் ஒரு பங்கு. போனஸ் வந்தா அதை இந்தக் கணக்கில் கலக்காதீங்க, அக்கவுண்ட் பாக்கி இருந்தா அங்கே போகட்டும்.


வெருலம்_தேனீ:

இன்றைக்கே போன மாத ஸ்லிப்புகளை எடுத்து வாட் கூட்டிப் பார்க்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், சில கடை ஸ்லிப்பில் வாட் தொகை தனியாக இல்லாமல் பொருளுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மட்டும் இருக்கிறதே?


உம்கேனி_கணக்கர்:

அந்த நட்சத்திரமோ எழுத்தோ எதைக் குறிக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். சிலர் பூஜ்ய வரிப் பொருளுக்குப் போடுவார்கள், சிலர் வரி உள்ளதற்கு. ஸ்லிப்பில் அரிசி, முட்டை, பால் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள், அது பூஜ்யப் பக்கம். மற்றப் பக்கத்தை மட்டும் கூட்டினால் போதும், பெருக்கல் வகுத்தல் வேண்டாம்.